வீட்டுக் கிளியின் இனப்பெருக்கக் காலக் குணமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உப்புவெளி, உவர்மலை, கிண்ணியா, தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்தும் கிளி வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன. நேற்றுவரை கையில் ஏறி விளையாடிய பறவை இன்று கடிக்கிறது, கத்துகிறது, இருட்டு மூலை தேடிப் பதுங்குகிறது. அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்து, கீழே விடை எழுதியிருக்கிறேன். கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, கொண்டையுள்ள கொக்கடீல், ஆபிரிக்கன் லவ் பேர்ட், கழுத்தில் வளையமுள்ள ரிங் நெக் ஆகிய நான்கும் நம் பகுதியில் அதிகம் வளர்க்கப்படுவதால் அவற்றை மனத்தில் வைத்தே எழுதியுள்ளேன். பெரிய கிளிகளுக்கும் அடிப்படை இதுதான்.

எங்கட கிளி ஒரு கிழமையா ஆளே மாறிப்போச்சு. கைய வச்சாக் கடிக்குது. ஏதும் வருத்தமா?

பறவை பருவமடைந்த வயதினதாகவும், நன்றாகச் சாப்பிட்டுச் சுறுசுறுப்பாகவும் இருந்தால், இது பெரும்பாலும் நோயன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சுரக்கும் ஓமோன்கள் ஆணின் விதைகளையோ (விந்துச் சுரப்பிகளையோ) பெண்ணின் சூலகத்தையோ தூண்டிவிட, பறவையின் உடல் முழுவதும் கூடுகட்டுவதற்கும் துணை தேடுவதற்கும் ஆயத்தமாகிறது. ஆண் பறவையின் விதைகள் இக்காலத்தில் பல மடங்கு பெருப்பதுண்டு. உடலுக்குள் இவ்வளவு மாற்றம் நடக்கும்போது குணமும் மாறுகிறது. பறவை வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பதாக எண்ணித் தண்டிப்பது மிகவும் தவறு.

பட்ஜி ஏறத்தாழ 4 முதல் 6 மாதத்திலும், கொக்கடீலும் ஆபிரிக்கன் லவ் பேர்டும் ஒரு வயதை அண்டியும், ரிங் நெக் 2 முதல் 3 வயதிலும் பருவமடைகின்றன. சாம்பல் நிற ஆபிரிக்கக் கிளி போன்ற பெரியவற்றுக்கு 4 முதல் 6 ஆண்டுகள் செல்லும். ஆகையால் ஆண்டுக்கணக்கில் சாந்தமாக இருந்த பெரிய கிளி ஒன்று திடீரென்று மாறுவதில் வியப்பில்லை. ஆனால் பறவை இறகை உப்பவைத்துக்கொண்டு தூங்கி வழிந்தாலோ, உணவைத் தொடாவிட்டாலோ, மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் அசைந்தாலோ, இந்தப் பக்கத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரைத் தேடுங்கள்.

இது இனப்பெருக்கக் குணம்தான் எண்டு எப்படித் தெரிஞ்சுகொள்ளுறது?

ஒரு குறியை மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வரும். தலையை மேலும் கீழும் ஆட்டி, தொண்டைப்பையிலிருந்து உணவைக் கொணர்ந்து உங்கள் விரலிலோ மணியிலோ கண்ணாடியிலோ வைப்பது ஒன்று. அது வாந்தியன்று, துணைக்கு ஊட்டும் செயல். உண்மையான வாந்தியில் பறவை தலையை உதறும், உணவு முகத்து இறகெல்லாம் சிதறி ஒட்டியிருக்கும், ஊட்டும்போது இருக்கும் ஆர்வமும் இராது. எச்சத் துவாரத்தைப் பொருள்களில் தேய்ப்பது, வாலைத் தூக்கிக் குனிந்து நின்று மெல்லிய ஒலி எழுப்புவது, இறக்கைகளைத் தோளிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொள்வது, கடதாசியைக் கிழிப்பது, கூட்டின் ஒரு மூலையை யாரும் நெருங்கவிடாமல் காப்பது ஆகியவை ஏனைய குறிகள்.

பெண் பட்ஜியின் மூக்கின் மேலுள்ள சதைப்பகுதி கபில நிறமாகித் தடித்துச் செதில்போல் தெரியும். ஆபிரிக்கன் லவ் பேர்ட்களில் பலவாகக் காணப்படும் செம்முக இனத்துப் பெண், கடதாசியை நீளநீளமாக ஒரே அகலத்தில் கத்தரித்து, அந்தக் கீற்றுகளைப் பின்முதுகு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறக்கும். முதன்முறை காண்பவர்கள் இறகில் ஏதோ சிக்கிவிட்டது என்று பதறுவார்கள். முட்டை வரப்போகும் பெண் பறவையின் எச்சம் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் நாற்றத்துடனும் இருக்கும்.

புத்தகத்தில எல்லாம் வசந்த காலம் வந்தா இப்படி வரும் எண்டு போட்டிருக்கு. திருகோணமலையில எங்க வசந்த காலம்?

மிகவும் நியாயமான கேள்வி. இதைச் சரியாக விளங்கிக்கொண்டால் மற்ற விடைகளெல்லாம் எளிதாகிவிடும். குளிர்நாடுகளில் குளிர்காலப் பகலுக்கும் கோடைப் பகலுக்கும் பல மணித்தியால வேறுபாடு உண்டு. பகல் நீள்வதே அங்குள்ள பறவைகளுக்கு முதன்மையான அழைப்பு. திருகோணமலையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணித்தியால வேறுபாடுதான் இருக்கிறது. எனவே பகல் குறையும்போது பறவை தானாக அடங்கிவிடும் என்று காத்திருப்பது இங்கு பயன் தராது.

அதற்குப் பதிலாக நம்மிடம் மழை உண்டு. ஒக்டோபர் முதல் சனவரி வரையான மாரியில்தான் நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி கிடைக்கிறது. பட்ஜியும் கொக்கடீலும் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவைகள்; அங்கு மழை பெய்து புல் விதை விளையும்போது, மாதம் எதுவென்று பாராமல் கூடுகட்டுபவை. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் சோர்ந்திருந்த பறவை, வாடை தொடங்கி முதல் மழைகள் விழுந்ததும் துள்ளத் தொடங்குவதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் என் கணிப்பில் மழையைவிட வீடே பெரிய காரணம். காட்டில் இனப்பெருக்கத்துக்குத் தேவையானவை ஐந்து: நீண்ட வெளிச்சம், கொழுப்பும் மென்மையும் நிறைந்த தாராளமான உணவு, பொந்து, கிழித்துக் கூடு வைக்க ஏதேனும், ஒரு துணை. காட்டில் இவை சில மாதங்களுக்கு மட்டுமே ஒன்றுகூடும். நம் வீட்டில் இரவு பத்து மணிவரை மின்குமிழ் எரிகிறது, தட்டில் எந்நேரமும் சூரியகாந்தி விதை இருக்கிறது, கூட்டில் பெட்டி தொங்குகிறது, நிலத்தில் பத்திரிகைத் தாள் விரித்திருக்கிறது, முதுகைத் தடவ நாம் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் பருவம் முடியாத ஒரு நிலத்தில் பறவையைக் குடிவைத்திருக்கிறோம். ஓமோனை நம்மால் நிறுத்த முடியாது. இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் குறைக்க முடியும்.

அப்ப இரவில எத்தனை மணித்தியாலம் இருட்டில வைக்க வேணும்? எங்கட வீட்டில பத்தரை வரைக்கும் டீவி ஓடும்.

12 மணித்தியாலம் இருட்டும் அமைதியும் கிடைத்தால் நல்லது; 10க்குக் கீழே போகக் கூடாது. மாலை ஆறரைக்கு உறங்கவைத்துக் காலை ஆறரைக்குத் திறந்தால் நம் ஊர்ச் சூரியனோடும் அது ஒத்துப்போகும். நேரம் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதும் முக்கியம்.

டீவி இருக்கும் அறையிலேயே கூட்டை மெல்லிய சீலையால் மூடுவது போதாது. பறவைகள் கண்ணால் மட்டுமன்றி, மூளையின் ஆழத்திலுள்ள ஒளியுணர் கலங்களாலும் வெளிச்சத்தை அறிகின்றன. மண்டையோட்டை ஊடுருவும் ஒளியே அதற்குப் போதும். ஆகவே இரவுக்கென்று ஒரு சிறிய கூட்டை வேறு அறையில் வைத்து, மாலையானதும் பறவையை அங்கு மாற்றுவதே சிறந்த வழி. தடித்த போர்வையால் முழுவதும் மூட வேண்டாம். நம் வெக்கைக்கு அது மூச்சுத்திணறலைத் தரும். யன்னலுக்குத் தடித்த திரை போட்டு அறையை இருட்டாக்கி, கூட்டின் ஒரு பக்கத்தையாவது காற்றுக்குத் திறந்துவிடுங்கள். விறாந்தையில் வைத்தால் பாம்பு, எலி, பூனை மூன்றுக்கும் பயப்பட வேண்டும். அந்த அறையில் நுளம்புச் சுருள் கொளுத்தக் கூடாது. பறவையின் நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது.

கோயில் திருவிழா நாள்களில் ஒலிபெருக்கி நள்ளிரவைத் தாண்டியும் ஒலிக்கும். அந்தச் சில இரவுகளால் கெடுதல் வராது. மறுநாளே பழைய நேரத்துக்குத் திரும்பினால் போதும்.

எங்க தடவினாலும் சந்தோசமாத்தானே நிக்குது. தடவுறதில என்ன பிழை?

தலையும் கழுத்தும் மட்டுமே தடவுவதற்குரிய இடங்கள். முதுகு, இறக்கையின் கீழ்ப்புறம், வயிறு, வாலடி ஆகியவற்றைத் துணைப் பறவை மட்டுமே, அதுவும் சேரும் வேளையில் மட்டுமே தொடும். தலையிலிருந்து வால்வரை நாய்க்குத் தடவுவதுபோல் தடவும்போது, நீங்கள் அன்பு என்று செய்வதைப் பறவை அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அது சந்தோசமாக நிற்பதன் பொருள் அதுவே. சட்டைக்குள் விட்டு வைத்திருப்பதும், துவாய்க்குள் சுருட்டி மடியில் கிடத்துவதும் பொந்துக்குள் இருக்கும் உணர்வைத் தருவதால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில எதைக் குறைக்கிறது? பாவம், பட்டினி போட ஏலாதே.

பட்டினி போடவே கூடாது. சிறிய பறவை ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. அளவையும் வகையையும் மாற்றுவதே நோக்கம். சூரியகாந்தி விதை, கச்சான், தேங்காய், அவித்த முட்டை, முளைவிட்ட பயறு, இளஞ்சூடான பருப்பும் சோறும், கனிந்த வாழைப்பழம் ஆகியவை குஞ்சு வளர்க்கும் காலத்துக்குரிய உணவுகள். சூடான மென்மையான உணவு தொண்டைப்பையிலிருந்து ஊட்டப்படும் உணவை ஒத்திருப்பதால் நேரடியாகவே தூண்டிவிடும். குணமாற்றம் தெரியும் கிழமைகளில் இவற்றை நிறுத்திவிட்டு, தினை, சாமை, குரக்கன் போன்ற சிறுதானியத்தை அளந்து கொடுங்கள். பெலட் எனப்படும் உருண்டைத் தீனி பழகிய பறவைக்கு அதைத் தொடரலாம். பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை இலை, பாகற்காய், கரட் தாராளமாகக் கொடுக்கலாம். பச்சை மிளகாயும் நல்லது. அதன் உறைப்பைப் பறவைகள் உணர்வதில்லை.

தட்டை நாள் முழுவதும் நிரப்பி வைக்காமல், காலையும் மாலையும் கொடுத்து எடுத்துவிடுங்கள். பகலில் கொஞ்ச உணவைத் தேங்காய் மட்டையின் இடுக்குகளிலும் கொய்யாக் கொப்பின் கவர்களிலும் ஒளித்துவைத்தால், அதைத் தேடி எடுப்பதிலேயே பறவையின் நேரமும் வலுவும் செலவாகும். ஓலையில் பொதிந்து கொடுப்பது கொக்கடீலுக்கும் ரிங் நெக்குக்கும் சரி. ஆபிரிக்கன் லவ் பேர்டுக்கு வேண்டாம். முன்னர் சொன்னதுபோல அது ஓலையைக் கீற்றாக்கிக் கூடுகட்டத் தொடங்கிவிடும். அதற்கு வேப்பங்கொப்பு, கொய்யாக் கொப்பு போன்ற கடிக்கக் கடினமானவையே பொருத்தம்.

படுக்கிறதுக்கு எண்டு சின்ன மண்சட்டி ஒண்டு கட்டிவிட்டிருக்கிறம். அதையும் எடுக்க வேணுமா?

ஆம், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பெரும்பாலான கிளிகள் படுக்கைக்குக் கூடு தேடுபவை அல்ல. கொப்பில் நின்றபடியே உறங்குபவை. சட்டி, மரப்பெட்டி, துணிக் கூடாரம், சிரட்டை எதுவாயினும் பறவைக்கு அது பொந்துதான். வெளியே விடும்போது அலுமாரியின் அடி, கட்டிலின் அடி, திறந்த லாச்சி, புத்தகத் தட்டின் பின்புறம் ஆகியவற்றையும் அடைத்துவையுங்கள். நிலத்தில் விரித்த தாளைக் கிழிக்கிறதென்றால், கம்பித் தட்டுக்கு அடியில் அதை மாற்றிவிடுங்கள். கூட்டினுள் கொப்புகளையும் தட்டுகளையும் இடம் மாற்றி, முடிந்தால் கூட்டையே வேறு சுவரோரம் வைத்தால், தனக்கென்று ஓர் இடம் பிடித்துக் காக்கும் எண்ணம் தளரும்.

எங்கட உம்மாட தோளில மட்டும் இருக்கும். வாப்பா பக்கத்தில வந்தா முகத்துக்கே பாயுது. என்ன செய்யிற?

பறவை உங்கள் உம்மாவைத் துணையாக வரித்துக்கொண்டது; வாப்பாவைப் போட்டியாகப் பார்க்கிறது. கண்ணின் கருமணி சட்டென்று சுருங்கி விரிவதும், பிடரி இறகு எழுவதும், வால் விசிறிபோல விரிவதும் பாய்ச்சலுக்கு முந்திய அறிகுறிகள். அவற்றைக் கண்டதும் அதைக் கலைத்துப் பேசாமல், ஒரு கொப்பை நீட்டி ஏறச்செய்து கூட்டில் விட்டுவிட வேண்டும்.

சில கிழமைகளுக்குத் தோளில் ஏற்றுவதை முற்றாக நிறுத்துங்கள். கையிலோ கொப்பிலோ இருந்தால் போதும். கண்ணுக்கும் உதட்டுக்கும் அருகில் கடிபட்டால் அது சிறு காயமாக இராது. உம்மா அன்றாட உணவைக் கொடுப்பதையும் தடவுவதையும் குறைத்துக்கொள்ள, பறவைக்கு மிகவும் பிடித்த ஒரு தின்பண்டத்தை வாப்பா மட்டும், கூட்டின் வெளியே நின்று, நாள்தோறும் கொடுத்து வரட்டும். கடித்ததும் அலறுவது, சிரிப்பது, கூட்டைத் தட்டுவது ஆகிய மூன்றுமே அதற்கு உற்சாகத்தைத் தருபவை.

கண்ணாடி வைக்கலாமா?

தனிப் பறவைக்கு வேண்டாம். உள்ளே தெரிவதைத் துணையென்று நம்பி ஊட்டிக்கொண்டே இருக்கும்.

ஆண் இல்லாமலே கொக்கடீல் முட்டை போட்டிருக்கு. எடுத்து எறிஞ்சா நிண்டுபோகுமா?

கோழியைப் போலவே கிளிக்கும் முட்டையிட ஆண் தேவையில்லை. அந்த முட்டையில் குஞ்சு வராது, அவ்வளவுதான். ஆனால் எடுத்து எறிந்தால் நிற்காது. எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு பறவை மேலும் மேலும் இடும். ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் வேண்டிய கல்சியத்தில் ஒரு பகுதி அதன் எலும்பிலிருந்தே உருவப்படுகிறது. எனவே இட்ட முட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள். கொக்கடீல் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 4 முதல் 7 வரையும், பட்ஜி 4 முதல் 6 வரையும் இட்டு அடைகாக்கத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று நான்கு கிழமைகளில் தானே சலித்து எழுந்துவிடும். அதன் பின்னர் எடுத்துவிடலாம். ஆண் பறவையும் உடனிருந்தால், முட்டையை அவித்து நன்கு ஆறவிட்டு, அதே இடத்தில் வைத்தால் குஞ்சு உருவாகாது.

அடையில் இருக்கும்போது உணவைக் குறைக்க வேண்டாம். உணவு பற்றிய விடையில் மேலே சொன்ன கட்டுப்பாடெல்லாம் முட்டைக்கு முன்னரும் அடை முடிந்த பின்னரும்தான். கல்சியத்துக்கு நம் ஊரில் காசு செலவழிக்கவே தேவையில்லை. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை எடுத்துவந்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் பல முறை ஊறவைத்துக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, மென்மையான பக்கம் பறவையை நோக்கி இருக்கும்படி கூட்டில் கட்டிவிடுங்கள். அந்தக் கல்சியம் உடலில் சேர விற்றமின் டி வேண்டும். அதற்குக் காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும். யன்னல் கண்ணாடியினூடாக வரும் வெயிலால் அந்தப் பயன் கிடைக்காது. எப்போதும் கூட்டில் ஒரு பக்கம் நிழல் இருக்கட்டும்.

முட்டை வர இருக்குது போல, ஆனா வரேல்ல. அடித்தட்டில குந்தி இருந்து முக்குது. எண்ணெய் பூசலாமா?

எதையும் பூச வேண்டாம், வயிற்றை அமுக்க வேண்டாம். உள்ளே முட்டை உடைந்தால் பறவை பிழைப்பது அரிது. முட்டை சிக்கிக்கொள்ளுதல் அவசர நிலை. சிறிய பறவை ஒரு நாளுக்குள்ளேயே இறந்துவிடக்கூடும். இறகு உப்பியிருத்தல், முக்குதல், வால் அசைதல், கால் தளர்ந்து கொப்பில் நிற்க முடியாமை ஆகியவை இதன் அடையாளங்கள். கொண்டுசெல்லும்வரை பறவையைச் சிறிய பெட்டியில் 29 முதல் 32 பாகை செல்சியஸ் சூட்டில், ஈரத்துணி ஒன்றை அருகில் வைத்து, அமைதியாக வைத்திருங்கள். மாரி இரவுகளில் இந்தச் சூட்டுக்கு ஒரு பக்கமாக மின்குமிழ் தேவைப்படும். சூடு அதிகமானால் விலகிச்செல்ல மறுபக்கம் இடமிருக்க வேண்டும்.

மாடு, ஆடு, நாய் பார்க்கும் வைத்தியர்கள் எல்லோரும் சிறு பறவைகளைப் பார்ப்பவர்கள் அல்லர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது என்றாலும், இந்த நிலையிலுள்ள பறவைக்கு அந்தப் பயணம் நீண்டது. ஆதலால் பெண் பறவை வளர்ப்பவர்கள், பறவை பார்க்கும் வைத்தியர் ஒருவரை முன்கூட்டியே விசாரித்து, தொலைபேசி இலக்கத்தைக் கூட்டின் அருகிலேயே எழுதி ஒட்டிவைக்க வேண்டும். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஒரு சோடியை வாங்கி விட்டா அடங்கிடாதா?

அடங்காது, பெரும்பாலும் கூடும். மேலே எண்ணிய ஐந்தில் இதுவரை இல்லாத உண்மையான துணையையும் நீங்களே கொண்டுவந்து விடுகிறீர்கள். ஆபிரிக்கன் லவ் பேர்டும் ரிங் நெக்கும் பெண்ணே ஆதிக்கம் செய்யும் இனங்கள்; அறிமுகமில்லாத ஆணை அதே கூட்டில் விட்டால் கால்விரல் போகும்வரை கடிபடுவதுண்டு. தனிமைக்காகத் துணை தேடுவது வேறு விடயம். அதற்கு இரண்டாவது கூடும், ஒரு மாதத் தனித்திருப்பும், மெதுவான அறிமுகமும் வேண்டும். பனைமரப் பொந்திலிருந்து காட்டுக் கிளியின் குஞ்சை எடுத்து வந்து சேர்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அந்தக் குஞ்சுக்குக் காட்டில் தாய் தகப்பன் இருக்கின்றன.

இதுக்கு ஊசி இருக்கெண்டு சொல்லுறாங்க. உண்மையா?

உண்மைதான். லியூப்ரோலைட் என்ற ஊசியும், தோலின் கீழ் வைக்கப்படும் டெஸ்லோரெலின் என்ற மருந்தும் வெளிநாடுகளில் வழக்கத்தில் உள்ளன. இவை கபச்சுரப்பியை முதலில் தூண்டிப் பின்னர் மரத்துப்போகச் செய்து, சூலகத்துக்குச் செல்லும் கட்டளையை நிறுத்துகின்றன. ஓயாமல் முட்டையிட்டு உடைந்துபோன பறவைக்கு இவை உயிர்காக்கும். ஆனால் இருட்டும் உணவும் பொந்தும் திருத்தப்படாத வீட்டில் மருந்தின் வலு தீர்ந்ததும் எல்லாம் பழையபடி வரும். சூலகத்தை அகற்றும் சத்திரசிகிச்சை பறவைகளுக்கு மிகவும் ஆபத்தானது. மனிதருக்குரிய கருத்தடை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்.

நெஞ்சில இறகைப் பிடுங்கிப் போட்டுது. இதுவும் ஓமோன்தானா?

இருக்கலாம், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைகாக்கும் பறவையின் வயிற்றில் இறகு குறைவது இயல்பு. துணை கிடைக்காத ஏக்கத்திலும் பிடுங்கும். ஆயினும் தோல் நோய், உண்ணி, ஈரல் நோய், சலிப்பு, நுளம்புச் சுருள் புகை என்று வேறு காரணங்களும் பல உண்டு. தலையிலும் இறகு போயிருந்தால், தன் அலகு எட்டாத இடமாதலால், அது சுயமாகப் பிடுங்கியதன்று. உடனிருக்கும் பறவையையோ நோயையோ தேடுங்கள். தோலில் இரத்தம் கண்டால் வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எல்லாம் செய்தாச்சு, ரெண்டு கிழமையாகியும் குறையேல்ல. பேசாமத் திறந்து விட்டா என்ன?

இரண்டு கிழமை போதாது. உணவும் உறக்கமும் மாறி, அது உடலில் தெரிய நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். முதன்முறை பருவமடையும் பறவைக்கு இதைவிடவும் நீளலாம். அடுத்த பருவம் வருமுன்பே, மாரி தொடங்கும் புரட்டாதியிலேயே மாற்றங்களைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

திறந்துவிடுவது விடுதலை ஆகாது. பட்ஜிக்கும் கொக்கடீலுக்கும் இந்நாட்டில் காடு இல்லை. காகமும் பருந்தும் கண்டுவிட்டால் ஒரு பொழுதுகூடத் தங்காது. கூட்டில் வளர்ந்த ரிங் நெக்கும் இரை தேடவோ எதிரியை அறியவோ பழகியிராது. உண்மையாகவே வைத்திருக்க முடியாத நிலையென்றால், கிளி வளர்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அது என்ன தின்னும், எத்தனை மணிக்கு உறங்கும், எப்போது முட்டையிட்டது, யாரைக் கடிக்கும் என்பதையெல்லாம் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, முதல் இரண்டு கிழமையாவது நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.